இல்லை என்று சொன்ன மீட்டர்

மங்கலத்து விசைத்தறிக் கூடமொன்றில் சித்ரகலா எலக்ட்ரீஷியன். அன்று ஒரு தறி நின்றுபோனது. முதலாளி மோகன்ராஜ் அதன் சுவிட்சை அணைத்துவிட்டு, மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய புது மல்டிமீட்டரை மோட்டார் வயரில் வைத்தார். சைபர் காட்டியது.

"கரண்ட் இல்லீங்க அம்மிணி, கழட்டிரலாம்" என்று கையை நீட்டினார்.

"இருங்கண்ணா!" சித்ரகலா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்த பிளக்கைக் கழற்றி, அந்த சாக்கெட்டில் புது மீட்டரை வைத்தாள். அங்கேயும் சைபர்தான். பிறகு தன் பழைய மீட்டரை மோட்டார் வயரில் வைத்தாள். நானூற்றுப் பதினைந்து வோல்ட். அணைத்த சுவிட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டு, கரண்டை விட்டுக்கொண்டிருந்தது.

மோகன்ராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டார். "உசிரு போயிருக்குமே, அம்மிணி."

இனி யாரும் எடுத்துவிடக் கூடாதென்று சித்ரகலா புது மீட்டரின் இரண்டு வயர்களையும் வெட்டிப் போட்டாள்.