காலிக் கட்டம்

"காலியா இருந்தா இல்லைன்னுதானே மேடம் அர்த்தம்?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார் புது மென்பொருள் கம்பெனிக்காரர். ஸ்பீக்கரில் போட்டிருந்த போனை முறைத்தபடி சாப்பாட்டு டப்பாவை மூடினேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியின் பழைய மென்பொருளையும், வார்டுகளுக்கென்று வாங்கிய புதியதையும் ஒன்றோடொன்று பேச வைக்க நடுவில் ஒரு நிரல் எழுதுவது என் வேலை. நான்கு மாதமாக அதில்தான் மல்லுக்கட்டுகிறேன். தேதியை ஒன்று முன்னால் எழுதும், மற்றது பின்னால் எழுதும். ஒன்றில் ஆணுக்கு எண் ஒன்று, மற்றதில் இரண்டு. அதையெல்லாம்கூடச் சமாளித்துவிட்டேன். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று குறிக்கும் ஒவ்வாமைக் கட்டத்தில் வந்து மாட்டிக்கொண்டேன். பழையதில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால், நோயாளியிடம் யாரும் கேட்கவில்லை என்று பொருள். புதியதோ காலியைக் கண்டதும் 'ஒவ்வாமை இல்லை' என்று பச்சையில் காட்டும்.

முந்தின நாள் சோதனை ஓட்டத்தில், திரை அப்படிப் பச்சை காட்டிய ஒரு நோயாளியிடம், பஸ் டிரைவர் அவர், வார்டுக்குப் போய்ச் சும்மாதான் கேட்டேன்.

"பென்சிலின் போட்டா மூஞ்சி வீங்கிடும்மா. ஒரு தடவை மூச்சே நின்னுபோச்சு."

"சேரும்போது சொல்லலையா?"

"யாரு கேட்டா?"

'கேட்கவில்லை' என்று மூன்றாவதாக ஒரு விடையைச் சேர்க்கச் சொன்னால், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் போனில் இருந்தவர். பழைய கம்பெனியோ தங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருப்பதாக ஒரே வரியில் மெயில் அனுப்பியது. மேனேஜர் வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"திங்கக்கிழமை ஆரம்பிக்கணும். இருக்கறத அப்படியே அனுப்பிடும்மா."

"தெரியாததை இல்லைன்னு மாத்தி நான் அனுப்பமாட்டேன் சார்."

"நீ எங்க மாத்துற? அதுவா மாத்திக்குது."

வெள்ளிக்கிழமை நாலு வரி சேர்த்தேன்: கட்டம் காலியாக இருந்தால் அந்தப் பதிவு புதிய மென்பொருளுக்குப் போகாது.

திங்கள் காலை அறுபத்து மூன்று பதிவுகள் நின்றுபோயிருந்தன. மேனேஜரிடமிருந்து வந்த போனை எடுக்கவே பயமாக இருந்தது. அதற்குள் வார்டு சிஸ்டர் நேராக என் மேஜைக்கே வந்துவிட்டார்.

"உங்க ரெண்டு கம்ப்யூட்டருக்கும் ஒத்துப்போகலைன்னா அதுக்கு எங்க உயிரையா எடுப்பீங்க? அறுபத்து மூணு பேருகிட்டயும் யாரு போய்க் கேக்குறது?"

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

"நீங்க கேளுங்க சிஸ்டர். நான் கூடவே வந்து டைப் பண்றேன்."

ஏற இறங்கப் பார்த்தார். "வா. வாசல்ல செருப்பைக் கழட்டிடு."

முதல் கட்டிலில் வயதான ஒரு தையல்காரம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று சிஸ்டர் கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்த அம்மா சட்டென்று நிறுத்திக்கொண்டார். கண்ணைச் சுருக்கி மின்விசிறியைப் பார்த்தார். பிறகு இடது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து, எண்ணுகிறவர் போலச் சுண்டுவிரலை மெல்ல மடக்கினார். அடுத்த விரலையும் தொட்டார்.

நான் கீபோர்டில் கை வைத்தபடி நின்றேன்.