கன்னத்தில் விழுந்த மருந்து

1

இந்தக் கதை என்னுடையதல்ல. ஒரு காத்திருப்பு அறையில் எங்கள் இருவர் முறையும் வராமல் இழுத்துக்கொண்டே போக, பக்கத்தில் இருந்த மாட்டு டாக்டரம்மா பொழுதுபோக்காகச் சொன்னது. எழுதட்டுமா என்றேன். "வைத்தியத்தை மட்டும் தப்பா எழுதிடாதீங்க" என்றார். மற்றதெல்லாம் என் பாடு.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: அந்தப் பசுவின் விழியில் வானம் கலங்கிக் கிடந்த

[நிறுத்திவிட்டேன். பசு கொட்டகைக்குள் நின்றது. அங்கிருந்து வானமே தெரியாது.]

2

நேராகவே சொல்கிறேன். ஒரு மாமனார், ஒரு மருமகள், சில மாடுகள். மாமியார் இறந்துவிட்டார். மகனுக்கு வேறு ஊரில் வேலை, எப்போதாவது வந்து தலைகாட்டுவான். பால் கறப்பது மருமகள். அதைப் பழைய வேனில் ஏற்றிக் கடைகளுக்குப் போடுவது மாமனார். போகிற வழியில் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவதும் அவர்தான்.

காற்றடிக்கிற மாதம். தீவனத் தொட்டி உயரத்தில் இருந்ததால், வைக்கோலை இழுக்கும்போதெல்லாம் தூசு மாடுகளின் முகத்தில் கொட்டும். ஈ வேறு மொய்த்தது. செவலைப் பசுவுக்கு ஒரு கண்ணில் நீர் வழிய ஆரம்பித்தது. வெயில் பட்டால் அந்தக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது.

டாக்டரம்மா வந்து விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே துரும்பு எதுவும் சிக்கியிருக்கவில்லை. ஆனால் கருவிழி நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி விழத் தொடங்கியிருந்தது. நிழலில் தனியாகக் கட்டுங்கள், ஈ அண்டாமல் பாருங்கள், தொட்டியைக் கீழே இறக்குங்கள், இதைத் தொட்ட கையைக் கழுவாமல் அடுத்த மாட்டைத் தொடாதீர்கள் என்றார். ஒரு களிம்பு கொடுத்து, கீழ் இமையை இழுத்து உள்ளே போடச் சொன்னார்.

செவலை தன் கைக்குத்தான் அடங்கும் என்று சொல்லி மாமனார் களிம்பை வாங்கி வைத்துக்கொண்டார்.

கண் தேறவில்லை. புள்ளி பெரிதாகி நீலம் பாய்ந்தது. மாமனாரைக் கேட்டால், "காலையில கூடப் பாத்தேம்மா, பளிச்சுனு இருக்கு" என்பார். மருமகளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. டாக்டருக்குப் போன் செய்தாள். மருந்து கண்ணுக்குள்தான் போகிறதா என்று பார்க்கச் சொன்னார் அவர்.

மறுநாள் பால் வாளியோடு பின்னால் நின்று பார்த்தாள். மாமனாரின் கட்டைவிரல் மாட்டின் முகத்தைத் தடவித் தடவி எங்கோ நின்றது. களிம்பு கன்னத்து மயிரில் நீளமாக விழுந்தது. அவர் செவலையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வேலை முடிந்த திருப்தியோடு கையைத் துடைத்துக்கொண்டார்.

"மாமா, அது கண்ணுல என்ன தெரியுது?"

அவர் மாட்டின் பக்கமே முகத்தை வைத்திருந்தார்.

"கண்ணு தெரியுது" என்றார்.

சில நாள் முன்பு வேன் வாசல் தூணில் உரசியது அவளுக்கு ஞாபகம் வந்தது. தூணைக் கோணலாக நட்டுவிட்டார்கள் என்று அன்று சத்தம் போட்டிருந்தார். முன்சீட்டில் பேத்தி உட்கார்ந்திருந்தாள். மருமகள் வாளியைக் கீழே வைத்தாள்.

3

மாட்டுக்கும் கண், மனிதருக்கும் கண், என்ன ஜோடிப்பு என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. எனக்கும் கூச்சம்தான். ஒரு பிரதியில் மாட்டின் நோயைக் காலுக்கு மாற்றிப் பார்த்தேன். கதை நொண்டியது. மாமனாருக்குக் காது கேட்காது என்று வைத்துப் பார்த்தேன். அவர் பாட்டுக்கு ஒழுங்காக வண்டி ஓட்டிக்கொண்டு போனார், மருமகளுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. நடந்தது நடந்தபடியே இருக்கட்டும்.*

* மாமனாரின் இரு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. இது பின்னால் மனித டாக்டர் சொன்னது.

4

அன்றே வேன் சாவியை எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாலை அனுப்பினாள். பெண்ணை நடத்தியே பள்ளிக்கூடம் கூட்டிப் போனாள். மாமனார் சாவி எங்கே என்று கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

ஆனால் களிம்பு போட இரண்டு ஆள் வேண்டும். அவள் மாட்டருகே போனதும், கூப்பிடாமலே வந்து தலையைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடியில் செவலை உண்மையிலேயே அடங்கி நின்றது. அவள் இமையை இழுத்து உள்ளே போட்டாள். இப்படியே சில நாள் ஓடியது.

டாக்டர் மறுபடி பார்க்க வந்தபோதும் அவர்தான் தலையைப் பிடித்திருந்தார். இதுவரை பளிச்சென்று இருப்பதாக அடித்துச் சொன்ன மனிதர் அன்று கேட்டார்.

"எப்படிம்மா இருக்கு?"

"ஓரமெல்லாம் தெளிஞ்சிருக்கு மாமா. நடுவுல மட்டும் இன்னும் மங்கலா இருக்கு."

"எனக்கும் அப்படித்தான்" என்றார். "நடுவுலதான்."

[அதற்கு மருமகள் சொன்ன பதிலை மூன்று விதமாக எழுதி அடித்தேன். அவள் இமையை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்தாள் என்றும் எழுதினேன். கையெல்லாம் களிம்பு. கழுவாமல் அப்படிச் செய்யக்கூடியவள் அல்ல அவள்.]

5

செவலையின் கண் தேறிவிட்டது, கூர்ந்து பார்த்தால் சின்னத் தழும்பு தெரியும். மாமனாருக்கும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது தூணில் உரசிய கோடு அவருக்கே தெரிகிறது. சாவியைக் கேட்டு வந்து நிற்கிறார்.

கண்ணைப் பற்றிக் கவலை இல்லை. தெரியாததைத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டு, பேத்தியையும் ஏற்றிக்கொண்டு, அத்தனை நாள் ஓட்டினாரே, அதை எந்த ஆபரேஷனில் எடுப்பது? சாவியைக் கொடுக்காவிட்டாலோ, மாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட மனிதருக்கு அவள் என்ன மரியாதை செய்ததாகும்?

சாவி அவள் கையில் இருக்கிறது. நான் முடிக்கப்போவதில்லை. நீங்கள் முடியுங்கள், ஆனால் முன்சீட்டில் உங்கள் பெண் ஏறி உட்கார்ந்துவிட்டாள் என்று வைத்துக்கொண்டு.