வாசல் தாண்டாத செருப்பு

இன்றைக்கும் குத்துமோ? கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, காலைத் தரையில் வைக்காமல் கைறுன்னிஸா நினைத்தாள். குத்தினால் சுவரைப் பிடித்துச் சமைக்கக் குசினிவரை போய்விடலாம். நாளைக்குப் பஸ்ஸில் எப்படி ஏறுவது? உக்குவளைப் பாலர் பாடசாலையில் இரண்டு கிழமையாக அவளுக்குப் பதில் வேறொருத்தி படிப்பிக்கிறாள். பிள்ளைகளுக்கு அந்தப் புதியவளைப் பிடித்துவிட்டதாம். நாளைக்குக் கட்டாயம் வருகிறேன் என்று இவள் சொல்லியிருந்தாள்.

துவாயைப் பாதத்தில் மாட்டி, முழங்கால் மடங்காமல் இழுத்தாள். மாத்தளையில் பார்த்த டொக்டர் சொல்லிக்கொடுத்தது. குதிகாலிலிருந்து விரல்வரை போகும் நார் நித்திரையில் இறுகிவிடுகிறது, முதல் அடியில் அதைத் திடீரென்று இழுக்கிறோம், அதுதான் நோவு என்றார். இவளோ அதுவரை சுட்ட செங்கல்லில் எருக்கிலை வைத்து, மூச்சைப் பிடித்துக் குதிகாலை அழுத்திக்கொண்டிருந்தாள், நோவை மிதித்தே கொன்றுவிடலாம் என்பதுபோல. "சீமெந்துல வெறுங்கால் வைக்கவே வேணாம். வீட்டுக்குள்ளயும் செருப்புப் போடுங்க" என்றும் டொக்டர் சொல்லியிருந்தார்.

அவருக்கென்ன தெரியும்? வீடு, கணவன் ரவூபின் மூத்த சகோதரி அபீபாவுடையது. தாயில்லாத தம்பியை வளர்த்து, கல்யாணம் முடித்துவைத்து, இருக்க அறையும் கொடுத்தவர். தொழுகிற வீடென்று அங்கே செருப்பு ஏறியதே இல்லை. கைறுன்னிஸா புதுச்செருப்பு ஒன்று வாங்கி, ஆறு நாளாகத் தன் அறைக்குள் மட்டும் போட்டு நடந்தாள். கதவைத் திறக்கும்போது கழற்றினாள். அறைக்குள் குறைந்த நோவு கூடத்தில் திரும்பி வந்தது.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, இறந்துபோன மாமனாரின் பேரில் ஓதும் வருடக் கத்தம். கூடம் நிறையப் பெண்கள். தேநீர்த் தட்டோடு, பாயில் மிதிக்காமல் சுவரோரமாக அவள் செருப்புக்காலுடனேயே வந்தாள்.

அக்காவைத் தாத்தா என்று கூப்பிடும் வழக்கப்படி அவளைக் கூப்பிடும் அடுத்த வீட்டு நிப்லா குனிந்து பார்த்தாள். "நிஸா தாத்தா, எந்த ஹோட்டல்ல ரூம் போட்டீக்கிறீங்க?"

சிரிப்பு எழுந்தது. அபீபா சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து தணிந்த குரலில், "ஓதுற எடம் நிஸா. மனிசர் பாக்குறாங்க. கழட்டி வைங்க மகள், ஒரு மணித்தியாலந்தானே" என்றார்.

ஏசியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அந்த 'மகள்' நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு மணித்தியாலம்தான். பிறகு நாளைக் காலை திரும்பவும் குத்தும் குதிகால், பஸ் படி, அந்த மற்றவளின் கையைப் பிடித்து நிற்கும் பிள்ளைகள்.

"வாசல் தாண்டாத செருப்பு மதினி. கழட்ட ஏலா."

குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. அபீபாவுக்குக் கேட்டது. அவருடைய கை தட்டின் மறுவிளிம்பைப் பிடித்தது, வாங்கவா நிறுத்தவா என்று தெரியவில்லை. கைறுன்னிஸா விடவில்லை. இருவருக்கும் நடுவே, கோப்பைகளில் தேநீர் வட்டவட்டமாக அதிர்ந்துகொண்டிருந்தது.