நடுக்கம்பி போட்ட நாலு

சோறு கொதிக்கிற ஆவியில் சமையலறை ஜன்னல் கண்ணாடி வெளுத்தால் போதும், அந்த நாலு வந்துவிடுகிறது. வனிதாவும் முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டாள். சனியன், மறுபடியும் வருகிறது. ஜப்பான்காரர்கள் எழுதுகிற நாலு. அதுவும் தப்பாக எழுதிய நாலு.

அப்படித் தப்பாக எழுத இந்தத் தலைச்சோலை ஊரில் ஒரே ஆள்தான் இருந்தான், அவள் புருசன் மாதையன். ஐப்பசி மழையில் குப்பனூர் ரோட்டில் மரம் சாய்ந்து ஜீப்போடு போய்ச் சேர்ந்தவன்.

ஏற்காட்டு லாட்ஜில் அறை பெருக்கிக்கொண்டிருந்தவளுக்கு, ஜப்பானில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை இருக்கிறது என்று ஆசை காட்டியதே அவன்தான். பின்னாலேயே தானும் வருவதாகச் சொன்னான். செல்போனில் ஜப்பான் மொழி வகுப்பு முடிந்ததும், அன்றைக்குப் படித்ததை இதே கண்ணாடியில் விரலால் எழுதி அவனுக்குச் சொல்லிக்கொடுப்பாள். ஒரு கோடு போட்டால் ஒன்று, இரண்டு கோடு இரண்டு, மூன்று கோடு மூன்று. "அட, இவ்வளவுதானா புள்ள!" என்று துள்ளியவன், நாலுக்கு நாலு கோடு போட்டுவிட்டு மார்தட்டினான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஒரு கட்டம் போட்டு, உள்ளே இரண்டு பக்கமும் திரை தொங்குகிற மாதிரி கோடு இழுத்துக் காட்டினாள்.

"ஜன்னலாட்டம் இருக்குது. நடுக்கம்பி இல்லாட்டித் திருடன் பூந்துருவான்" என்று நடுவில் ஒரு கோடு சேர்த்தான் மாதையன்.

"ஏனுங்க, அது தப்புங்க!"

"இருக்கட்டும் புள்ள. நாளைக்கு அஞ்சு சொல்லிக்குடு."

அந்த நாளைக்கு வரவே இல்லை.

இப்போது வேலை கிடைத்து, விமானத்துக்கும் நாள் குறித்தாகிவிட்டது. பெட்டி கட்ட வந்த நாத்தனார் ராணி கண்ணாடியில் வந்த நாலைப் பார்த்து, அதன் கதையையும் கேட்டு வெலவெலத்துப் போனாள். "அண்ணி, அண்ணன் உங்களப் போக உடாதுங்க. கம்பி போட்டு அடைக்குது பாருங்க. பேசாம ஊட்லயே இருந்துக்குங்க."

வனிதா பெட்டியைத் திறந்தாள். கட்டின துணியை வெளியே எடுத்துப் போட்டாள். ராணி போனதும் ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. "ஆச காட்டுனதும் நீங்க, அடைக்கறதும் நீங்களா? நான் என்னதாங்க பண்ணட்டும்?" என்று கண்ணாடியிடம் கத்தி அழுதாள். அழுது ஓய்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. இது ஏன் நாலிலேயே நிற்கிறது? அடப்பாவி மனுசா, அவனுக்கு அஞ்சு தெரியாதே!

அவன் தடுக்கவில்லை. பாடத்துக்குக் காத்திருக்கிறான்.

விரலால் நாலுக்குப் பக்கத்தில் எழுதினாள். "மேல ஒரு கோடுங்க. அப்பறம் கீழ எறக்கணும். இப்படி மடக்கி, அடியில ஒரு கோடு. இதுதான் அஞ்சு. கோன்னு சொல்லோணும்."

மறுநாள் உலை கொதித்தது. கண்ணாடி வெளுத்தது. அஞ்சும் இல்லை, நாலும் இல்லை. எது தொலைந்தால் போதும் என்று துடைத்தாளோ அது தொலைந்தே விட்டது. சொல்லிக்கொடுத்தே அனுப்பிவிட்டேனே என்று அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இனி இங்கே இருந்து யாரைப் பார்ப்பது? மறுபடியும் பெட்டியைக் கட்டினாள்.

சேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கொண்டை ஊசி வளைவில் மூடுபனி சூழ்ந்து கண்ணாடி வெளுத்தது. அவள் கண் முன்னாலேயே ஒரு கோடு விழுந்தது. கீழே இறங்கியது. மடங்கியது. அடியில் ஒன்று. அஞ்சு. சும்மா விடுவானா, நடுவில் ஒரு கம்பியும் போட்டிருந்தான்.

வனிதா நகர்ந்து உட்காரவில்லை. பத்து வரைக்கும் படித்துவிட்டால் போய்விடுவானோ என்ற பயம்தான் முதலில் வந்தது. கண்ணாடியோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு, பக்கத்து சீட்டுக்குக் கேட்காமல் சொன்னாள்:

"பத்தோட முடியாதுங்க. நூறு இருக்குது, ஆயிரம் இருக்குது. மெதுவாப் படிங்க."