வெளிப்படையான சம்மதம்

1

இந்தக் கதை ஒரு கருத்தரங்கில் பிறந்தது. புதிய சாட்சியச் சட்டம் வந்தபின் வழக்கறிஞர்களின் கடமைகள் பற்றி மயிலாடுதுறையில் ஒரு கூட்டம். சட்ட இதழ் ஒன்றுக்குக் குறிப்பெடுக்கப் போயிருந்தேன். பழைய 126-ஆம் பிரிவு இப்போது 132. கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வழக்கறிஞர் சொல்லக் கூடாது என்பது மட்டும் அப்படியே இருக்கிறது என்றார் பேச்சாளர். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார்.

"கட்சிக்காரருக்குப் பேச்சே போயிடுச்சுன்னா சம்மதத்தை எப்படிங்க வாங்குறது?"

"நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டுப் பேச்சாளர் அடுத்த பிரிவுக்குப் போனார். சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண்ணைத் தேடினேன். கிளம்பிப் போயிருந்தார். ஆகவே இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2

சம்பா அறுவடை முடிந்த வயல்களின் மேல் கொக்குகள் வெள்ளையாக...

வேண்டாம். துக்கத்தைத் தள்ளிப்போடப் பார்க்கிற வாக்கியம். நேராகவே சொல்கிறேன்.

சுடர்விழி வழக்கறிஞர். அப்துல் ஜலீல் அவருடைய கட்சிக்காரர். நெல் மூட்டைக்குச் சாக்கு விற்பவர். அவருடைய கடை வாடகை வழக்கை ஜெயித்துக் கொடுத்தவர் சுடர்விழி. ஒரு மதியம் ஜலீல் வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். குவைத்தில் வேலை பார்த்த ஒரே மகன் ஆஸிம் சாலை விபத்தில் இறந்துவிட்டான். அங்கேயே அடக்கம் செய்ய இங்கிருந்து சம்மதப் பத்திரம் போக வேண்டும்.

"வீட்ல சொல்லிட்டீங்களா பாய்?"

"நெஞ்சுல ஆபரேஷன் ஆகி இப்பத்தாம்மா எந்திரிச்சு உக்கார்றா. நேரம் பாத்து நானே சொல்லிக்கிறேன். உங்க வாயால வரக் கூடாது."

"வராதுங்க" என்றார் சுடர்விழி.

(இந்தப் பதிலை மாற்றிப் பார்த்தேன். 'சீக்கிரம் சொல்லிடுங்க', 'யோசிக்கலாம்ங்க'. எதுவும் ஒட்டவில்லை. மகனைப் பறிகொடுத்து எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் வேறென்ன சொல்வார்?)

3

ஜலீலுக்கு அந்த நேரம் வரவே இல்லை. மகன் ஏன் போன் பண்ணவில்லை என்று மனைவி கமருன்னிஸா துளைத்தபோது, "கம்பெனி கேஸ்ல மாட்டிக்கிட்டான். நம்ம வக்கீலம்மாதான் பாக்குறாங்க" என்று சொல்லிவைத்தார். பெருநாளுக்கு அந்தத் தாய் மகனுக்கும் சட்டை எடுத்து வைத்தார். ஜலீல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சில வாரங்களில் கடையிலேயே பக்கவாதத்தில் சரிந்தார். வலப்பக்கமும் பேச்சும் போயின.

கமருன்னிஸா சுடர்விழியின் அலுவலகத்துக்கு வந்தார்.

"ஆஸிம் கேஸ் என்னம்மா ஆச்சு? அவருதான் படுத்துட்டாரு. இனிமே நீங்க எங்கிட்டயே சொல்லுங்க."

அப்படி ஒரு வழக்கே இல்லை. சுடர்விழிக்கு அப்போதுதான் புரிந்தது. ஜலீல் தன் பொய்க்கு அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

"அவர் எங்கிட்ட பேசுனதை நான் வெளியில சொல்லக் கூடாதும்மா."

"நான் வெளியாளா?"

(இந்த இடத்தில் எனக்கே சுடர்விழி மேல் கோபம். சொல்லிவிட்டால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்? தொழிலின் மாண்பு, நாளைக்கு நம்பி வருகிறவர்கள் என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவருடைய காரணம் அவ்வளவு பெரியதில்லை. வராதுங்க என்று ஒருவரிடம் சொல்லியிருக்கிறார்.)

கமருன்னிஸா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல சேதியா இருந்தா சட்டம் தடுக்குமாம்மா?"

சுடர்விழி தலையைக் குனிந்துகொண்டார். குனிந்திருக்கக் கூடாது.

கமருன்னிஸா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். சாவுச் செய்தி கேட்டால் ஓதும் வார்த்தைகளைச் சத்தமில்லாமல் ஓதினார். பிறகு கேட்டார்:

"என்னைக்கும்மா? அந்த நாளை மட்டுமாவது சொல்லுங்க. எம்புள்ளைக்கு ஓதணும்."

4

சுடர்விழி அவருடனேயே கிளம்பி வீட்டுக்குப் போனார். ஜலீலிடம் தனியாகப் பேச வேண்டும் என்றதும் கமருன்னிஸா மறுபேச்சில்லாமல் அறைத் திரைக்கு வெளியே நின்றுகொண்டார்.

சுடர்விழி கட்டிலருகே உட்கார்ந்து அவருடைய இடக்கையைப் பிடித்தார்.

"அவங்களுக்குப் புரிஞ்சுபோச்சுங்க பாய். எந்த நாள்னுதான் கேக்குறாங்க. சொல்லிடவா? சம்மதம்னா கையை அழுத்துங்க."

ஜலீலின் கண்ணீர் காதுவரை வழிந்தது. விரல்கள் அசைந்தன. அழுத்தியது போலவும் இருந்தது. படுத்த நாளிலிருந்து ஓயாமல் நடுங்கும் கை அது.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் சுடர்விழி சொல்லிவிடுகிறார். கமருன்னிஸா மகனுக்காக யாசீன் ஓத உட்கார்கிறார். ஜலீல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். அந்த முகத்தை என்னால் தாங்க முடியவில்லை. மற்றதில் சுடர்விழி சொல்லாமலே படியிறங்குகிறார். தாய் தானாக ஒரு நாளை வைத்துக்கொண்டு ஓதுகிறார். அது இன்னும் மோசம். இரண்டையும் கிழித்துவிட்டேன்.

கையைப் பிடித்துக்கொண்டிருந்த சுடர்விழிக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்?

"என்னம்மா சொல்றாரு?" என்று திரைக்கு வெளியிலிருந்து குரல் வருகிறது.

அந்தக் கை அழுத்தியதா, நடுங்கியதா என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். செய்துவிட்டு என்னிடம் சொல்ல வேண்டாம். திரையை விலக்கி, அங்கே நிற்பவரிடம் சொல்லுங்கள்.