பங்களாப் புல்லில் வல்லாரை

நாசமாய்ப் போன புல்! தேயிலைத் தோட்டத் துரை மாலையில் உலாத்துவதைத் தவிர வேறெதற்கும் உதவாது. அதில் உருப்படியாக முளைத்தது வல்லாரை ஒன்றுதான். காசு மாதிரி வட்ட இலை, ஓரமெல்லாம் பல் பல்லாய் வெட்டு, தரையோடு ஓடுகிற கொடி. துரைக்கு அது களை. கோதுமை மாவே கிடைக்காத அந்த எழுபத்து நாலாம் வருஷம், தோட்டத் தொழிலாளிகள் ஒண்டியிருந்த எங்கள் லயத்துக்கு அதுதான் கறி.

நான் நல்லம்மா, பங்களாக் குசினியில் சமையல் வேலை. அன்று காலை தேத்தண்ணிக்கு வந்த சிவலிங்கம், பங்களாப் பூந்தோட்டம் பார்க்கிறவன், சாவகாசமாகச் சொன்னான்.

"நேத்துப் பொழுதுபட பாதிப் புல்லுக்கு மருந்து அடிச்சாச்சுக்கா. மீதி இன்னைக்கு. புல்லு சாகாது, அகல இலைதான் சாகும்."

வெளியே ஓடிப் பார்த்தேன். மருந்து பட்ட பக்கம் வல்லாரைத் தண்டெல்லாம் முறுக்கிக்கொண்டு கிடந்தது. நடுவில் ஓரிடம் மொட்டை. யாரோ விடியலில் பறித்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ! என் தங்கச்சி கிருஷ்ணம்மாதான். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். இவளுக்கு வெட்கம் மட்டும் பறக்கவில்லை, அதனால் இருட்டோடு வந்து பறிப்பாள். அவளுக்கு வயிற்றில் ஏழு மாதம்.

"லயத்துல ஏண்டா சொல்லல, பாவி?"

"தொரை வேணாம்னுட்டாரு. களவெடுக்கிறவளுக்குத் தண்டோரா போடுவாங்களான்னு கேட்டாருக்கா."

மாத்தளை மாரியம்மா தாயே, என் தங்கச்சி பிள்ளையைக் காப்பாத்து என்று கத்திக்கொண்டே லயத்துக்கு இறங்கி ஓடினேன். கிருஷ்ணம்மா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். தட்டில் பச்சையாய் அரிந்து பிசைந்த வல்லாரைச் சம்பல். ரொட்டித் துண்டு வாய்க்குப் போகிறது. அவள் கையில் ஓங்கி அடித்தேன். தட்டு உருண்டது.

"தின்னியாடி? சொல்லு!"

"இல்லக்கா, இப்பத்தான்..."

வாயைத் திறக்கவைத்துப் பார்த்தேன். உள்ளே எதுவும் இல்லை. விஷயத்தைச் சொன்னேன். அவள் பயப்படவில்லை. தரையில் சம்பலில் புரண்டு கிடந்த ரொட்டியையே பார்த்தாள்.

"அது ஒண்ணுதான்க்கா இருந்துச்சு."

அந்தச் சொல்லில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பங்களாவுக்கு ஏறினேன். சிவலிங்கம் மருந்துப் பம்பை முதுகில் மாட்டி நின்றான். மருந்து படாத பாதியில் போய் அவளோடு உட்கார்ந்தேன்.

"எந்திரிங்க!" துரை விறாந்தையிலிருந்து கத்தினார்.

"களை போனாச் சரிதானே தொரை? வேரோட புடுங்கித் தாறோம். மருந்துதான் வேணும்னா எங்க மேலயும் சேர்த்து அடிக்கச் சொல்லுங்க."

"நாளையிலருந்து குசினிப் பக்கம் வராதே!"

"சரிங்க தொரை."

சிவலிங்கம் பம்பைக் கழற்றிக் கீழே வைத்தான். கிருஷ்ணம்மா துரையும் சிவலிங்கமும் பார்க்க, பட்டப்பகலில், முதல் பிடி வல்லாரையைப் பிடுங்கி மடியில் போட்டாள்.