எலியாஸின் பங்கு

மண்ணைத் தள்ளிவிட்டு வாழை இலைகளை ஒவ்வொன்றாக உரித்தபோது, சமையல் குழியிலிருந்து ஆவி எழுந்து வைஹேரேயின் முகத்தில் அடித்தது. நேற்றுக் காலையிலிருந்து அவள் வயிற்றில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் இறங்கவில்லை. அப்பாவைப் புதைத்துவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முற்றத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. சாவு வீட்டுக் குழியில் வெந்ததை ஊர் சாப்பிடும். செத்தவரின் ரத்த சொந்தம் வாயில் வைக்காது. வாசனையை மோந்துகொண்டு பங்கு போடும் வேலை மட்டும் அவளுக்கு.

வேலியோரம் சித்தப்பா எலியாஸ் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. முந்தாநாள் ராத்திரி மூச்சு வாங்கிக்கொண்டே அப்பா சொல்லியிருந்தார்.

"எலியாஸ் வந்தா பெரிய பங்கா போடு. எல்லார் முன்னாடியும் போடு."

"வேணாம்ப்பா. சித்தப்பாகிட்ட நீ எங்களுக்கு ஒறவே இல்லேன்னு சொல்ற மாதிரி ஆயிடும்."

"தெரிஞ்சுதான் சொல்றேன். சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைத்தாள்.

அண்ணன் தம்பி சண்டை, பாறையில் செதுக்கிய ஒரு பறவை மனிதனால் வந்தது. கடலை ஒட்டிய செங்குத்துப் பாறையின் விளிம்பில் முன்னோர் செதுக்கிய உருவங்களுக்கு அப்பா காவலர். சித்தப்பா படம் பிடிக்க வரும் வெளியூர்க்காரர்களை அங்கே கூட்டிப்போகிறவர். உச்சி வெயிலில் கோடு தெரியாது என்று சுண்ணக்கட்டியால் நிரப்பிக் காட்டுவார். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான், அப்பாவும் செய்திருக்கிறார். தடை வந்த பிறகும் சித்தப்பா விடவில்லை. ஒருநாள் சுண்ணத்தைத் தேய்த்துக் கழுவும்போது, உப்புக் காற்றில் உளுத்திருந்த கல் பெயர்ந்து, பறவை மனிதனின் அலகு முழுசாகக் கடலில் விழுந்தது. கூடப் பிறந்தவன் என்றும் பாராமல் அப்பாவே சாட்சி சொன்னார். சித்தப்பாவின் பிழைப்பும் போயிற்று, பேச்சுவார்த்தையும் போயிற்று. பதினோரு வருஷம். அப்பா சாட்சி சொன்னது சரி என்றுதான் வைஹேரே இன்றும் நினைக்கிறாள். ஆனால் சாகும்போதும் கறுவியதை அவளால் பொறுக்க முடியவில்லை.

"என்னடி மசமசன்னு நிக்கிற? ஆறிடப் போவுது" என்றாள் அத்தை பெர்த்தா.

"அப்பா சொன்னதச் செய்யட்டுமா அத்தை?"

"சத்தியம் பண்ணிட்டு எங்கிட்ட என்ன கேள்வி? எங்கண்ணனுக்குக் கட்டையில போறப்பவும் வீம்பு. போ, போடு. நான் அந்தப் பக்கம் பாக்க மாட்டேன்."

மீனும் இறைச்சியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் இலையில் குவித்து எடுத்துப் போனாள். முற்றத்தில் பேச்சு அடங்கிவிட்டது.

சித்தப்பா இலையைப் பார்த்தார். "அண்ணன் சொன்னானா?"

"ஆமா சித்தப்பா."

"இவ்ளோ பெருசாவா?"

"ஆமா."

"எம் பசி அவனுக்குத் தெரியும்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அவர் எழுந்தார். இத்தனை வருஷமாகத் தன்னைப் பாறைப் பக்கம் அண்டவிடாத காவலர் தலைவனிடம் நேராகப் போய், அவன் மடியில் இலையை வைத்தார்.

"நீ சாப்புடு. செத்தது எங்கண்ணன். நான் இதத் தொடக் கூடாது."

அவன் வைஹேரேயைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். அவன் கிழங்கைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

சித்தப்பா குழியோரம் வந்து அத்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஊர் சாப்பிட்டது. அவர் வயிறு எல்லோருக்கும் கேட்கும்படி இரைந்தது. அத்தை அவரைப் பார்க்காமலே தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்தினாள்.